எல்ஸ்மியர் தீவு: மழை குறைந்த மண்ணில் இவ்வளவு பனிக்கட்டி எப்படி? (வாசகர் கேள்வி – பதில்)

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கனடாவின் வடகோடியில் இருக்கும் எல்ஸ்மியர் தீவைப் பற்றிக் கேட்கின்றன. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். கமக்காரரும் எழுதியிருக்கிறார்கள். தெரியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம்: எல்ஸ்மியர் நுனாவுட் ஆள்புலத்தைச் சேர்ந்தது. வட அகலக்கோடு 76 பாகையிலிருந்து 83 பாகை வரை நீள்கிறது. பரப்பளவு 196,236 சதுர கிலோமீற்றர், உலகத் தீவுகளில் பத்தாவது பெரியது. தீவின் ஐந்தில் இரண்டு பங்கு பனிக்கட்டி. கிழக்கே நெயர்ஸ் நீரிணைக்கு அப்பால் கிறீன்லாந்து. அந்த நீரிணையின் மிக ஒடுங்கிய பகுதி தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடலை விட அகலமில்லை.

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் எல்ஸ்மியர் இந்தியாவை விடப் பெரிதாகத் தெரிகிறதே, உண்மையா? (மாணவர் ஒருவர், மல்லாவி)

இல்லை. இந்தியா எல்ஸ்மியரைப் போல ஏறக்குறைய 17 மடங்கு பெரியது. உங்கள் சுவரில் இருப்பது மேர்கேற்றர் எறியத்தில் (உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் காட்டும் ஒரு முறையில்) வரைந்த படம். அதில் முனைவை நோக்கிப் போகப் போக நிலம் இழுபட்டுப் பெருக்கும். எவ்வளவு பெருக்கிறது என்று நீங்களே கணிக்கலாம். இடத்தின் அகலக்கோட்டுக்குக் கோசைன் எடுத்து, 1 ஐ அதனால் வகுங்கள். 80 பாகைக்குக் கோசைன் 0.1736, ஆகவே நீளம் 5.76 மடங்கு. பரப்பளவு வேண்டுமென்றால் அதை வர்க்கிக்க வேண்டும்: 33 மடங்கு. நமது 9 பாகையில் இந்தப் பெருக்கம் இரண்டரை வீதம்தான், கண்ணுக்கே தெரியாது.

இரண்டு பிழைகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, வர்க்கிக்க மறந்து 5.76 ஐயே பரப்பளவுக்கும் போடுவது. மற்றது, கல்குலேற்றர் பாகையில் இல்லாமல் ஆரையனில் இருப்பது. கோசைன் 80 க்கு விடை கழித்தல் எண்ணாக வந்தால் அதுதான் காரணம்.

உண்மை அளவைக் கண்ணால் பார்க்க விரும்பினால் பூகோளத்தில் நூல் பிடித்துப் பாருங்கள். மூன்று இலங்கையைச் சேர்த்தால் ஒரு எல்ஸ்மியர். அதன் வட பகுதியில் இருக்கும் குவிட்டினிர்பாக் தேசியப் பூங்கா மட்டும் 37,775 சதுர கிலோமீற்றர். வன்னியின் நாலு மாவட்டங்களையும் கூட்டினாலும் அதில் கால்வாசி வராது.

எங்கள் பக்கம் ஆண்டுக்கு 1,200 – 1,500 மில்லிமீற்றர் மழை பெய்தும் ஆவணியில் குளம் வற்றிப்போகிறது. எல்ஸ்மியரில் அதில் பத்தில் ஒரு பங்குகூட விழுவதில்லை என்று வாசித்தேன். பிறகு எப்படி அங்கே மலை மலையாகப் பனிக்கட்டி? (கமக்காரர் ஒருவர், ஒட்டுசுட்டான்)

நீங்கள் வாசித்தது சரி. தீவின் மேற்குப் பக்கத்திலுள்ள யுரேக்கா காலநிலை நிலையத்தில் மழையும் வெண்பனியும் சேர்ந்து ஆண்டுக்கு 80 மில்லிமீற்றர் அளவுதான். நம்மிடம் ஐப்பசி, கார்த்திகையில் ஓர் இரவில் அதைவிடக் கூடுதலாகப் பெய்த நாட்கள் உண்டு. புவியியலில் அந்தத் தீவை முனைவுப் பாலைவனம் என்றே சொல்கிறார்கள்.

இந்தக் கேள்வியைக் குளத்துக் கணக்காகப் போட்டால் விளங்கிவிடும். குளத்தில் தண்ணீர் நிற்பது மழையின் அளவில் மட்டும் தங்கியில்லை, வரவுக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தில் தங்கியிருக்கிறது. இங்கே வரவு பெரிது, ஆனால் செலவும் பெரிது: வெயிலில் ஆவியாகிறது, வயலுக்குத் துருசு திறக்கிறோம், நிலத்துக்குள் கசிகிறது, மிஞ்சினால் வான் பாய்ந்து கடலுக்குப் போகிறது. எல்ஸ்மியரில் வரவு சிறிது, செலவோ அதனினும் சிறிது. யுரேக்காவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சைபருக்குக் கீழே ஏறத்தாழ 19 பாகை செல்சியஸ். பனிக்கட்டி உருகும் காலம் ஆனி நடுப்பகுதியிலிருந்து ஆவணி வரை, ஏழெட்டுக் கிழமை மட்டுமே. உயரமான மேடுகளில் அந்த ஏழெட்டுக் கிழமையும் சரியாக உருகாது. ஆண்டுக்கு 200 மில்லிமீற்றர் தண்ணீருக்குச் சமமான வெண்பனி விழுந்து 150 உருகினால் மிச்சம் 50. அந்த 50 ஆயிரம் வருடம் சேர்ந்தால் 50 மீற்றர். எல்ஸ்மியரின் அகசீஸ் பனிக்கவிப்பை (நிலத்தை மூடிக் கிடக்கும் பனிக்கட்டித் திரளை)த் துளையிட்டு எடுத்த தண்டுகளின் அடியில், கடைசிப் பனியுகத்தில் விழுந்த வெண்பனி இன்னும் பனிக்கட்டியாக இருக்கிறது. பத்தாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சேமிப்பு அது.

விழுந்த வெண்பனி உடனே பனிக்கட்டி ஆகாது. புதிதாக விழுந்ததில் பெரும் பகுதி காற்று. ஒரு லீற்றர் தகரத்தில் அள்ளினால் 100 கிராம்கூட நிறுக்காது. மேலே அடுத்தடுத்த வருடத்துப் பனி ஏறி அமுக்க, மணிகள் ஒட்டி, காற்று வெளியேறி, லீற்றருக்கு 830 கிராம் என்ற அளவு வரும்போது மிச்சக் காற்று குமிழிகளாக அடைபட்டுவிடும். அப்போதுதான் அதைப் பனிக்கட்டி என்கிறோம். இத்தனை குளிரும் வறட்சியும் உள்ள இடத்தில் இதற்குப் பல பத்தாண்டுகள், சில இடங்களில் நூறு ஆண்டுக்கும் மேல் ஆகும். போதிய தடிப்பு வந்ததும் தன் பாரத்தாலேயே சரிவில் மெல்ல நகரத் தொடங்குகிறது. அதுதான் பனிக்கட்டியாறு.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரிச் சேர்வதில்லை என்பதையும் கவனியுங்கள். தென்கிழக்கில் பஃபின் விரிகுடாவின் வடமுனையில் மாரியிலும் உறையாத ஒரு நீர்ப்பரப்பு இருக்கிறது. அதிலிருந்து எழும் ஈரம் பக்கத்து மலைகளில் வெண்பனியாக விழுவதால் அங்குள்ள வேல்ஸ் இளவரசர் பனிப்புலம் கொழுத்திருக்கிறது. மேற்கே ஃபொஸைம் தீபகற்பம் மலைகளின் மறைவில் அகப்பட்டுக் கிடப்பதால் வரவு மிகக் குறைவு. கோடையும் சற்று வெப்பமானது. அதனால் கடும் வடக்கில் இருந்தும் அங்கே பனிக்கட்டியாறே இல்லாத பெருநிலம். கஸ்தூரி எருதும் முயலும் ஓநாயும் திரிகின்றன.

இன்னொன்று: 80 மில்லிமீற்றர் வரவுள்ள அந்த நிலத்தில் கோடையில் சதுப்பும் புல்வெளியும் தென்படும். நிலத்துக்கடியில் 500 மீற்றருக்கு மேல் நிரந்தர உறைமண். கோடையில் மேல் அரை மீற்றர் அளவு மட்டும் இளகும். உருகிய நீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே நிற்கிறது. களிமண் படுக்கை நல்லாயிருக்கிற குளத்தில் தண்ணீர் நிற்கிற அதே முறை.

சேமிப்புக் கணக்கு தலைகீழாகவும் போகும். ஹேசன் மேட்டுநிலத்தில் சென்ற் பற்றிக் குடாவுக்கு அருகே இரண்டு சிறு பனிக்கவிப்புகள் இருந்தன. 1959 இல் அளந்தபோது பெரியது 7 சதுர கிலோமீற்றருக்கு மேல், சிறியது 3 சதுர கிலோமீற்றர் அளவு. 2020 ஆடியில் எடுத்த செய்மதிப் படத்தில் இரண்டும் இல்லை. காரணம் அவற்றின் உயரம். வரவும் செலவும் சமப்படும் உயரத்தைச் சமநிலைக்கோடு என்பார்கள். அதற்கு மேலே சேரும், கீழே கரையும். கோடை வெப்பமாக, அந்தக் கோடு ஏறுகிறது. பெரிய பனிக்கவிப்புக்கு அது ஏறினாலும் மேலே சேர்ப்பதற்கு இடம் மிஞ்சும். தட்டையான சிறு கவிப்பின் உச்சியையே அது தாண்டிவிட்டால் வரவு இல்லாத குளம்தான். பக்கத்தில் சற்று உயரத்தில் இருக்கும் மறே, சிமன்ஸ் கவிப்புகள் இன்னும் இருக்கின்றன.

பனிக்கட்டியாறு இவ்வளவு கூடியது, இவ்வளவு குறைந்தது என்று எப்படி அளக்கிறார்கள்? வகுப்பில் செய்து காட்ட ஏதும் வழி உண்டா? (ஆசிரியை, நெடுங்கேணி)

செய்மதி இருந்தாலும் அடிப்படை அளவை இன்னும் கம்புதான். குளத்து அளவுகோலைப் போல, பனிக்கட்டியில் பல மீற்றர் ஆழத்துக்குத் துளையிட்டு ஒரு கம்பை இறக்குவார்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தைக் குறிப்பார்கள். வசந்தத்தில் வந்து கம்பைச் சுற்றி வெண்பனி எவ்வளவு ஆழம் என்று அளந்து, ஒரு குழி தோண்டி, கனவளவு தெரிந்த குழாயால் ஒவ்வொரு படையிலும் பனி அள்ளி நிறுப்பார்கள். கோடை முடிவில் திரும்பவும் கம்பின் நீளம் அளப்பார்கள்.

கணக்கு இப்படி. எடுத்துக்காட்டுக்கு, வெண்பனி ஆழம் 60 சென்ரிமீற்றர், லீற்றருக்கு 350 கிராம். 600 × 0.35 = 210 மில்லிமீற்றர் தண்ணீர் வரவு. கோடை முடிவில் அந்தப் பனி முழுதும் போய், கீழே பழைய பனிக்கட்டியிலும் 30 சென்ரிமீற்றர் குறைந்திருக்கிறது. பனிக்கட்டி லீற்றருக்கு 900 கிராம். 300 × 0.9 = 270 மில்லிமீற்றர். கோடைச் செலவு 210 + 270 = 480, வரவு 210, ஆண்டு நட்டம் 270 மில்லிமீற்றர். அடர்த்தியால் பெருக்காமல் ஆழத்தை ஆழத்தோடு கழிப்பது பிள்ளைகள் விடுகிற முதல் பிழை. வெண்பனிச் சென்ரிமீற்றரும் பனிக்கட்டிச் சென்ரிமீற்றரும் ஒன்றல்ல.

களத்தில் பிழைப்பது வேறு இடங்களில். உலோகக் கம்பு வெயிலில் சூடாகித் தன்னைச் சுற்றிய பனிக்கட்டியை உருக்கி, தன் துளைக்குள்ளேயே இறங்கிவிடும். நீட்டிய நீளம் குறைவதால் பனி சேர்ந்ததாகப் பொய்க் கணக்கு வரும். கம்பு சரிந்தாலும் அப்படித்தான். ஆழம் போதாமல் நட்டால் நல்ல வெயில் ஆண்டில் முழுதும் வெளியே வந்து விழுந்துவிடும், அந்த ஆண்டுக் கணக்கே இல்லை. எல்ஸ்மியர் போன்ற கடுங்குளிர் இடத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு: மேலே உருகிய தண்ணீர் ஓடிப் போகாமல் கீழே கசிந்து, குளிர்ந்த பனிக்கட்டியில் பட்டு மீண்டும் உறையும். பனி உருகிவிட்டது, ஆனால் தண்ணீர் வெளியேறவில்லை. அதைச் செலவில் எழுதினால் நட்டம் மிகைப்படும். மழைமானியையும் முழுக்க நம்ப முடியாது. காற்றில் பறக்கும் வெண்பனி வாய்க்குள் விழாமல் தாண்டிப் போவதால், மானி எப்போதும் குறைத்தே காட்டும்.

வகுப்புக்கு: இரண்டு ஐஸ்கிறீம் பெட்டிகளில் தண்ணீர் நிரப்பி, ஒன்றில் தடித்த ஈர்க்கு, மற்றதில் நீளமான இரும்பாணி நிற்கும்படி உறைய வையுங்கள். மட்டையில் துளையிட்டு மூடியாகப் போட்டால் இரண்டும் நேராக நிற்கும். கட்டியை வெளியே எடுத்து, கம்பித் தட்டின் மேல் வெயிலில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் நீட்டிய நீளத்தை அளக்கச் சொல்லுங்கள். ஆணியைச் சுற்றிக் குழி விழுந்து அது தளர்வதைப் பிள்ளைகள் கண்ணால் காண்பார்கள். கட்டியை உருகிய நீரிலேயே விட்டால் அடியாலும் கரைந்து சோதனை குழம்பும், அதனால் கம்பித் தட்டு கட்டாயம்.

வட கரையில் பனித்தட்டு உடைந்ததாகச் செய்தி வந்தது. அதனால் முல்லைத்தீவுக் கடல் உயருமா? (புதுக்குடியிருப்பு வாசகர்)

நீங்கள் சொல்வது 2020 ஆடி மாதக் கடைசியில் உடைந்த மில்ன் பனித்தட்டு. 187 சதுர கிலோமீற்றரில் 80 அளவு பிரிந்தது. இந்தத் தட்டுகள் கடலில் மிதப்பவை. மிதக்கும் பனிக்கட்டி தன் பாரத்துக்குச் சமமான கடல்நீரை ஏற்கனவே விலக்கி நிற்பதால், உருகும்போது மட்டம் உயர்வது மிக மிக அற்பம். கடல்நீர் உப்பானது, பனிக்கட்டி நன்னீர் என்பதால் வரும் சிறு வித்தியாசம் மட்டுமே. கடலை உண்மையாக உயர்த்துவது தரையிலிருந்து வந்து சேரும் பனிக்கட்டி. ஒரு கிளாசில் ஐஸ் மிதக்க விட்டு, இன்னொன்றில் தண்ணீருக்கு மேலே தலைகாட்டும் கல்லின் மேல் ஐஸ் வைத்து, மட்டத்தைப் பேனாவால் குறித்துப் பாருங்கள். முதலாவதில் ஐஸ் அடியில் தட்டக் கூடாது, தட்டினால் மிதப்பது என்ற கணக்குப் பிழைத்துவிடும்.

ஆனாலும் உடைவதால் இழப்பு இல்லை என்று சொல்ல மாட்டோம். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கரையோரம் ஏறக்குறைய 8,900 சதுர கிலோமீற்றருக்கு ஒரே தொடராகப் பனித்தட்டு இருந்ததாகக் கணித்திருக்கிறார்கள். இன்று மிஞ்சியிருப்பவை சிறு துண்டுகள். டிஸ்ரேலி என்ற ஆழமான கடற்கழியின் வாயை வாட் ஹன்ற் பனித்தட்டு அணைக்கட்டுப் போல மறித்து நின்றது. அதற்குப் பின்னால் உருகிவந்த நன்னீர் 43 மீற்றர் தடிப்புக்கு உப்புநீரின் மேல் மிதந்து நின்றது. 2000 க்கும் 2002 க்கும் இடையில் தட்டு பிளந்தது. கட்டு உடைந்த குளம் போல அத்தனை நன்னீரும் கடலுக்குப் போனது. அந்த அடுக்கில் வாழ்ந்த நுண்ணுயிர்களுக்கு வேறு இடமில்லை. வடவரைக்கோளத்தில் அப்படியான நீர்நிலைகள் அருமை. மீள உண்டாகப் பல நூற்றாண்டு பிடிக்கும் ஒன்றை இரண்டே ஆண்டில் இழந்திருக்கிறோம்.

அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்களா? தண்ணீருக்கு என்ன செய்கிறார்கள்? (முள்ளியவளை வாசகி)

நிரந்தரக் குடியிருப்பென்று சொல்லத்தக்கது தென்கரையிலுள்ள கிறைஸ் ஃபியோட் ஒன்றுதான். 2021 கணக்கெடுப்பில் 144 பேர். யுரேக்காவிலும் வடகிழக்குக் கோடியிலுள்ள அலேட் நிலையத்திலும் இருப்பவர்கள் முறைமாறிப் போய்வரும் வேலையாட்கள். குடிநீருக்கு, கோடையில் பனிக்கட்டியாறு உருகி ஓடும் சில கிழமைகளுக்குள் பெரிய தாங்கிகளில் நிரப்பிக்கொள்கிறார்கள், அது அடுத்த கோடை வரை வரவேண்டும். மாரியில் நிரப்பிக் கோடையில் குடிக்கும் நம் ஊருக்கு எதிர்மாறான பருவம், தேவை ஒன்றே.

அந்த ஊர் உண்டான விதத்தையும் சொல்லியாக வேண்டும். கனடாவின் வடபகுதிப் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் அதை அவுசுயிட்டுக் என்கிறார்கள், ஒருநாளும் உருகாத இடம் என்று பொருள். 1953 இலும் 1955 இலும் கனடிய அரசு கியூபெக்கின் வடபகுதியிலிருந்த இனுக்ஜுவாக்கிலிருந்து இனுயிட் குடும்பங்களைக் கப்பலேற்றி, ஏறக்குறைய 2,000 கிலோமீற்றர் வடக்கே கொண்டுபோய் கிறைஸ் ஃபியோட்டிலும் அயல் தீவொன்றிலுள்ள ரெசொலூட்டிலும் இறக்கியது. பஃபின் தீவிலுள்ள பொண்ட் இன்லெட்டிலிருந்தும் சில குடும்பங்கள் கூடவந்தன. மொத்தம் 92 பேர். வேட்டை நிறைய உண்டு, இரண்டு வருடத்தில் விரும்பினால் திரும்பலாம் என்று சொல்லப்பட்டது. திரும்ப விடவில்லை. அவர்களுக்குப் பழகிய விலங்குகள் அங்கே இல்லை, சூரியன் மூன்று மாதத்துக்கு மேல் எழாது, முதல் மாரியைக் கூடாரத்தில் கழித்தார்கள். வட தீவுகளில் கனடாவின் உரிமையை நிலைநாட்ட அந்த மக்களைக் கொடிக்கம்பமாக நட்டார்கள் என்பதே அவர்களது குற்றச்சாட்டு. அதில் நியாயம் இருப்பதாகவே நாமும் கருதுகிறோம். 2010 ஆவணியில் அரசு மன்னிப்புக் கேட்டது. இடம்பெயர்ந்தவர்கள் நிறைந்த வன்னிக்கு, திரும்பிப் போகலாம் என்ற வாக்கு என்னவென்று விளக்கத் தேவையில்லை.

தம்பியின் குடும்பம் ஸ்காபரோவில். அங்கிருந்து எல்ஸ்மியர் பார்க்கப் போகலாமா? (பரந்தன்)

ஒரே நாடு என்பதால் கிட்ட என்று நினைக்க வேண்டாம். ரொறன்ரோவிலிருந்து அலேட்டுக்கு நேர்கோட்டில் 4,300 கிலோமீற்றருக்கு மேல். அதே ரொறன்ரோவிலிருந்து தெற்கே வெனிசுவேலாவின் கராக்கஸ் இதைவிடக் கிட்ட. ஒட்டாவாவிலிருந்து நுனாவுட்டின் தலைநகர் இக்காலுயிட், பிறகு ரெசொலூட், அங்கிருந்து சிறு விமானத்தில் கிறைஸ் ஃபியோட். தேசியப் பூங்காவுக்கு ரெசொலூட்டில் விமானத்தைத் தனியாக வாடகைக்கு அமர்த்த வேண்டும், செலவு மிக அதிகம். ஊர்களுக்கிடையே வீதி கிடையாது.

ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு என்கிறார்களே? (மாங்குளம் மாணவி)

அது முனைவுப் புள்ளிக்கு. அலேட்டில் சூரியன் ஐப்பசி நடுவிலிருந்து மாசி இறுதி வரை எழாது, சித்திரை முதற்கிழமையிலிருந்து புரட்டாதி முதற்கிழமை வரை மறையாது. இடையில் நம்மைப் போல உதயமும் அத்தமனமும் உண்டு. மறையாத சூரியன் என்றாலும் உச்சிக்கு வராது. யுரேக்கா 80 பாகையில் இருக்கிறது. ஆனி 21 நண்பகலில்கூட உயரம் 33 பாகைதான். ஒரு மீற்றர் கம்புக்கு ஒன்றரை மீற்றர் நிழல் விழும். நள்ளிரவில் அதே கம்புக்கு நாலு மீற்றருக்கு மேல்.

அங்கே முதலை எலும்பு கிடைத்ததாகச் சொல்வது மெய்யா? (கனகராயன்குளம்)

மெய். ஸ்ரத்கோனா கழிப் பக்கத்தில் ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முந்திய பாறைகளில் முதலைக் குடும்பத்து விலங்கு, ஆமை, தப்பிர் (பன்றியைப் போன்ற உருவமுள்ள ஒரு விலங்கு) ஆகியவற்றின் எச்சங்கள் கிடைத்தன. தீவு அப்போது வெப்பமண்டலத்தில் இருந்தது என்று எழுதினால் பிழை. அப்போதும் அது ஆட்டிக் வட்டத்துக்குள்தான், மாதக்கணக்கில் இருள் இருந்தது. உலகக் காலநிலைதான் வெப்பமாக இருந்தது. அதற்கும் மிக முந்திய, 37 கோடி 50 இலட்சம் ஆண்டுப் பாறையில் 2004 இல் கிடைத்தது ரிக்ராலிக்: செதிலும் செவுளும் உள்ள மீன், ஆனால் கழுத்தும் மணிக்கட்டுப் போன்ற எலும்பும் கொண்டது.

வெற்றுப் படத்தில் எல்ஸ்மியரின் பனிக்கட்டியைக் குறிக்கச் சொன்னால் எப்படிக் குறிப்பது? (உயர்தர மாணவர், துணுக்காய்)

தீவு முழுவதையும் வெள்ளையாக நிரப்ப வேண்டாம். வடக்கே கிறான்ற் லாண்ட் மலைகளின் மேல் நீளவாக்கில் ஒரு பெரிய திட்டு போடுங்கள். தீவின் மிக உயர்ந்த பார்போ சிகரம், 2,616 மீற்றர், அதற்குள்தான். அதன் தெற்கு அடிவாரத்தில் ஹேசன் ஏரியை 70 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒடுக்கமாக வரையுங்கள். ஏரிக்குத் தெற்கே, கிழக்குப் பக்கமாக அகசீஸ் கவிப்பு. அதற்கும் தெற்கே கிழக்குக் கரையை ஒட்டி வேல்ஸ் இளவரசர் பனிப்புலம். தென்கரையில் சிறு திட்டுகள், அவற்றருகே கிறைஸ் ஃபியோட்டுக்கு ஒரு புள்ளி. மேற்கே ஃபொஸைம் தீபகற்பத்தை வெறுமையாக விட்டு யுரேக்காவைக் குறியுங்கள். வடகரையில் கொலம்பியா முனை 83 பாகை 6 கலையில், முனைவுக்கு 769 கிலோமீற்றர். அலேட் அதற்குக் கிழக்கே, சற்றுத் தெற்கே, 82 பாகை 30 கலையில். பலர் அலேட்டைத் தீவின் வடகோடியில் போட்டு ஒரு புள்ளி இழக்கிறார்கள்.